பாலத்து முனையில் நின்ற வண்டி

என் அண்ணனை எல்லோரும் ‘மூச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கார்களை எங்கள் பட்டறைக்கு இழுத்து வருவார்கள். அண்ணன் பானட்டைத் தூக்கி, எஞ்சின் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு, “மூச்சு இருக்கு” என்பான். செத்துக் கிடக்கிற இரும்பில் என்னத்தைக் கேட்கிறானோ! ஒரு நாளைக்கு அவன் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம். அவனுக்கும் சேர்த்து நான் பேசுவதால், வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்ற பெயர் எனக்கு. பட்டறையின் பின்பக்கம் தையல் மெஷின் போட்டுக்கொண்டு கார் சீட்டுகள் தைக்கிறேன்.

அவனுக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம் உண்டு. வண்டியைத் தொடுவதற்கு முன் டிரைவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவான். கண்ணாடியைத் திருப்ப மாட்டான், சீட்டை நகர்த்த மாட்டான். கடைசியாக ஓட்டியவர் எப்படி விட்டுப் போனாரோ அப்படியே. இன்னொன்று, வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் ஒரு துணிப் பையில் போட்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு திருகாணி குறையக் கூடாது. பையைக் கட்டுவது நான்தான்.

டீச்சரம்மாவின் கார் போன மழைக்காலத்தில் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் வீட்டுக் கொட்டகையின் கூரை இடிந்து விழுந்ததால், பத்தொன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த காரை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. பட்டறையில் நின்றுகொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்.

“எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் இந்த வண்டியை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனார். திரும்பி வரல. மூணாம் நாள் வண்டி மட்டும் ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து முனையில நின்னுச்சு. அந்தப் பக்கம் ரயில்வே ஸ்டேஷன், இந்தப் பக்கம் எங்க வீடு. ஆத்துல வெள்ளம். தேடிப் பார்த்தாங்க, கிடைக்கல. ஸ்டேஷன்ல பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னார். ஆத்திரத்துல வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து பூட்டச் சொன்னேன். யாரையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க விடல.”

“இப்ப எதுக்கு ஓடணும்?” என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“ஓட வேண்டாம்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். வண்டி கெட்டு நின்னுதா, நல்லா இருந்த வண்டியை விட்டுட்டுப் போனாரா? கெட்டு நின்னுருந்தா அந்த மழையில இறங்கி நடந்திருப்பார், ஆறு கொண்டு போயிருக்கும். விட்டுட்டுப் போனார்னா எங்கயோ உசுரோட இருக்கார்னு அர்த்தம். விட்டுட்டுப் போன பாவியாவே இருக்கட்டும். இருந்தா போதும்.”

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினான். பட்டப்பகல்தான். எதிர்க்கடையில் வெல்டிங் பொறி பறக்கிறது, தெருவில் லாரி ஹாரன் காதைக் கிழிக்கிறது. ஆனாலும் அழுக்கேறிய கண்ணாடிக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்ததை நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே இரண்டு பேர் இருப்பதுபோல ஒரு நினைப்பு. அரைமணி கழித்து இறங்கியவன் முழங்கையைத் தடவிக்கொண்டே, “ஈரமா இருக்கு” என்றான். தொட்டுப் பார்த்தேன். சட்டை காய்ந்துதான் இருந்தது.

சீட்டை என் மேஜைக்குக் கொண்டு வந்தேன். ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. கையை வைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஆள் எழுந்து போன இடம் மாதிரி கதகதப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும், வேறென்ன என்று என்னையே திட்டிக்கொண்டு கத்திரியை எடுத்தேன்.

அண்ணன் புது பேட்டரியை மாட்டி, டீச்சரம்மா கொடுத்த மாற்றுச் சாவியைத் திருகிய அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு வைப்பரும் தானாக எழுந்து, துளி மழையில்லாத கண்ணாடியைக் கறக் கறக்கென்று துடைக்க ஆரம்பித்தன. டாஷ்போர்டில் நின்றுபோயிருந்த கடிகாரம் டிக் டிக்கென்றது.

“அய்யோ, நிறுத்துண்ணே!”

“ஒண்ணுமில்ல. மழை பெய்யறப்போ வைப்பரை அணைக்காம சாவியை மட்டும் எடுத்திருக்கார்.” அவன் சொன்னது நியாயம்தான். பயம் நியாயத்தைக் கேட்கிறதா என்ன?

பிளக்கெல்லாம் நல்ல பழுப்பு நிறம், எஞ்சின் சரியாக ஓடியதற்கு அடையாளம். டாங்கில் பாதி பெட்ரோல் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பம்ப், ஒயர், எதிலும் குறையில்லை. வழக்கம்போல எல்லாம் புதுசு மாட்டி, எட்டாம் நாள் எஞ்சினை ஓட விட்டான். டீச்சரம்மாவை வரவழைத்து, “நல்லா இருந்த வண்டிம்மா. கெட்டு நிக்கல” என்றான். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். “பாவி மனுஷன். இருக்காரு பாரு எங்கயோ!” எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறுநாள் வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று போனார்.

அவர் போனதும் பையைக் கட்ட உட்கார்ந்தேன். பிளக் நாலு, பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அந்த மூடிக்குள் சுழலும் கட்டைவிரல் அளவு ரோட்டரை மட்டும் காணோம். அது இல்லாமல் எந்த வண்டியும் கிளம்பாது.

“எங்கண்ணே தொலைச்சே?”

“அது முதல்லயே இல்ல. எவனாவது திருடியிருப்பான்னு புதுசு மாட்டினேன்.” சொல்லி முடிக்கும் முன்பே அவன் முகம் வெளிறிவிட்டது. திருடன் பேட்டரியை விட்டு, ரேடியோவை விட்டு, இதை மட்டும் எடுத்துவிட்டு, மூடியின் இரண்டு கிளிப்பையும் ஒழுங்காக மாட்டிவிட்டா போவான்? வண்டியை வெளியில் விட்டுப் போகிற பழைய காலத்து ஆட்கள், யாரும் ஓட்டிப் போய்விடக் கூடாதென்று இதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். இது எங்களுக்குத் தெரியாத விஷயமா! சாமான் திருட்டுப் போன வண்டிகளையே பார்த்துப் பார்த்து எங்கள் புத்தி மழுங்கியிருந்தது.

“கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டே பானட்டைத் திறந்து கழட்டியிருக்கார்,” என்றான் அண்ணன். “திரும்பி வந்து வண்டியை எடுக்கப் போறவன்தான் இவ்வளவு சிரமப்படுவான். பாலத்து மேல தண்ணி போயிருக்கும். வண்டியை நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்திருக்கார்.”

நான் எழுந்து, பழைய சாமான் டப்பாவிலிருந்து ஒரு தேய்ந்த ரோட்டரைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

“வேற வண்டியோடதைப் போடாதே.”

“உன் ஒழுங்கைத் தூக்கி உடைப்புல போடு! அந்தம்மா சிரிச்சதைப் பார்த்தியா இல்லையா? நீ வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

மறுநாள் டீச்சரம்மா பளிச்சென்று வந்தார். பையை வாங்கியவர், என் தையல் மேஜை மேலேயே பிரித்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு அந்த ரோட்டரை எடுத்தார். புடவைத் தலைப்பால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த வண்டியோடதும்மா?”

“உங்களோடதுதான் டீச்சரம்மா. உள்ளேயே இருந்துச்சு.”

“இல்லம்மா. எங்க நிறுத்தினாலும் இதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவார். ஒரு தடவை பார்க்காம சட்டையை அடிச்சுத் துவைச்சுட்டேன், ஓரம் உடைஞ்சுபோச்சு. உடைஞ்சதை ஒட்டியே ஓட்டினார். இதுல அந்த ஒட்டு இல்லையே.” அவர் குரல் தணிந்தது. “வந்த அன்னைக்கே இதைக் கேட்டிருக்கணும். கேக்க எனக்குத் தைரியம் வரல. அவரோடது எங்க?”

நான் அண்ணனை முறைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“மூடியைத் திறந்தப்போ உள்ளே எதுவும் இல்லம்மா,” என்றான்.

டீச்சரம்மா அந்தத் துண்டைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்போ வீட்டுக்கு வரத்தான் கிளம்பியிருக்கார்,” என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்றிருந்தது.

“பத்தொன்பது வருஷமா காலையில எந்திரிச்சதும் அவரைத் திட்டிட்டுத்தான்மா அடுப்பைப் பத்த வைப்பேன். ஒரு நாள் விட்டதில்ல. அதெல்லாம் அவர் காதுல விழுந்திருக்காதுல்ல?”