கொடுத்த கோட்டு

எங்கள் அலுவலகத்தில் ஜூலை மாதத்திலும் குளிரும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஏசி எலும்பைத் தேடும். ஆண்கள் யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஊதாச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மருந்து தயாரிக்கும் இயந்திரங்களின் சோதனை அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். பிறவிக் குணத்துக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று என் கணவர் சொல்வார்.

செப்டம்பரில் ஒருநாள் என் மேலதிகாரி என் மேஜைப் பக்கம் வந்து சால்வையைப் பார்த்தார். "வீடியோ காலில் உன்னைப் பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றார் சிரித்துக்கொண்டே. அடுத்த திங்கட்கிழமை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஒரு கோட்டு இருந்தது.

அவர் ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி. ஐம்பது வயது. அமெரிக்காவுக்கு வந்து பதினைந்து வருடமாகியும் பிறந்தநாள், காய்ச்சல், குழந்தைகளின் பரீட்சை என்று எல்லோருடைய விவரமும் நினைவில் வைத்திருப்பார். அவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அதற்கு அவர் வழியே விடவில்லை.

கோட்டு கரும்பச்சைக் கம்பளி. சட்டைக்கு இருப்பது போன்ற காலர். பெரிய பைகள் வெளியே ஒட்டித் தைக்கப்பட்டிருந்தன. மணிக்கட்டில் சட்டை மாதிரியே பித்தான். முதுகில் பிளவு கிடையாது. உள்பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகளை நூலால் தைத்திருந்தார்கள். இதற்கு 'தெபா' என்று பெயர், எங்கள் நாட்டில் ஒரு பிரபு வேட்டைக்குப் போட்டுப் பிரபலமாக்கியது, காட்டுக்கும் போடலாம் கல்யாணத்துக்கும் போடலாம் என்றார். அப்பாவின் எஸ்டேட்டில் முப்பது வயதில் தான் போட்டது, இப்போது தனக்குப் பித்தான் எட்டவில்லை, யாராவது நல்லவர்கள் போடட்டும் என்றார்.

இந்த இடத்தில் என் விசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு வருட விசாவில் நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. கிரீன் கார்டு வேலை வருடக்கணக்கில் இழுக்கும், கம்பெனி இந்த டிசம்பருக்குள் தொடங்காவிட்டால் ஆறு வருடத்துக்குள் சமாளிக்க முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். தொடங்குவதற்குத் தேவை ஒரே ஒரு பரிந்துரைக் கடிதம். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த மேலதிகாரி. மார்ச் மாதத்திலிருந்து, "கண்டிப்பாக, அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, மறந்துவிடுவார். என் மகளின் பரீட்சையை மறக்காதவர் இதை மட்டும் மறந்தார்.

வீட்டில் என் கணவர் மெக்கானிக்கல் இன்ஜினியர். என்னைச் சார்ந்த விசாவில் இருப்பதால் இங்கே வேலை பார்க்கக் கூடாது. பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில், தோசைக்கல்லின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்துகொண்டிருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. தமிழ் புரியும், இங்கே வந்த பிறகு பதில் ஆங்கிலத்தில்தான் வரும். எங்கள் மூவரையும் அந்தக் கடிதம் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டிருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் நீட்டுகிற பையை வேண்டாம் என்பேனா? போட்டுக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அதற்கே எரிச்சல் வந்தது.

"என்ன, ஃபாரஸ்ட் ஆபீஸர் மாதிரி இருக்கே!" என்றார் கணவர்.

"கிண்டல் பண்ணாதீங்க. கழட்டிடவா?"

"ஐயோ, போட்டுக்கோம்மா. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா? அதுவும் சைன் பண்ண வேண்டிய மாடு."

மறுநாள் மதியம்தான் அந்தக் கோட்டுக்கு வாய் உண்டு என்று தெரிந்தது. என்னோடு தினமும் சாப்பிடுகிறவர் ஒருவர் இருந்தார். ஆவணப் பிரிவில் வேலை, அறுபதை நெருங்கும் வயது. அவரும் ஸ்பெயின்காரர்தான். ஆனால் மேலதிகாரியும் அவரும் ஸ்பானிஷில் காலை வணக்கத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. ஒரே அலுவலகத்தில் இரண்டு தமிழர்கள் இப்படி இருந்தால் காரணத்தை நொடியில் ஊகித்திருப்பேன். ஸ்பெயின்காரர்களுக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. என் கணவரின் எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்கு, அவர் கொண்டுவரும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் பாதி எனக்கு. இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

அன்று என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதை யார் கொடுத்தது என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அவருடைய ஊரைப் பற்றிச் சொன்னார். தெற்கே, ஆலிவ் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிற்றூர். விடியற்காலையில் கூலியாட்கள் சதுக்கத்தில் வரிசையாக நிற்பார்களாம். தோட்டத்து முதலாளியின் மகன் வருவான். இதே கோட்டு, இதே பச்சை. பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்காமல் முகவாயால் காட்டுவான். நீ, நீ, அதோ நீ. காட்டப்பட்டவனுக்கு அன்று வேலை உண்டு. ஒருமுறை எதிர்த்துப் பேசியதற்காக இவருடைய அப்பாவை மூன்று வருடம் அந்த முகவாய் தாண்டிப் போனது.

"இப்போது கூலியாட்கள் நிற்பதில்லை. கோட்டு இருக்கிறது" என்றார். "ஊர்வலத்தில் போடுகிறார்கள், காளைச் சண்டை பார்க்கப் போடுகிறார்கள், தேர்தல் மேடையில் போடுகிறார்கள். இந்த நாடு யாருடையது என்று வாயைத் திறக்காமல் சொல்வதற்கு. அப்படித் தெரிய ஆசைப்படுகிற குமாஸ்தாவின் பையனும் தவணையில் வாங்கிப் போடுகிறான்."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. துணி பேசுகிற அரசியலைத் தமிழச்சிக்கு யார் சொல்லித் தர வேண்டும்? கரைவேட்டியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு விரல் அகலக் கரையைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவோம், ஆட்சி மாறினால் சிலருக்கு அலமாரியும் மாறும், எங்கள் ஊரில் ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இன்னார் இன்னதை உடுத்தக் கூடாது என்றும் உங்கள் ஊரில் இருந்ததா?" என்றார்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லி டிபன் பாக்ஸை மூடினேன்.

அடுத்த இரண்டு நாள் கோட்டை வீட்டில் வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சால்வையையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மேலதிகாரி வந்தார். "கோட்டு எங்கே? பிடிக்கவில்லையா?" முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அதிகாரம் செய்திருந்தால் மனதுக்குள்ளாவது திட்டியிருப்பேன். வாடிய முகத்தை என்ன செய்வது? "டிரை கிளீனிங் போட்டிருக்கிறேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். மறுநாளிலிருந்து தினமும் போட்டேன். நவம்பரில் கட்டடத்தில் ஹீட்டர் போட்ட பிறகும், வேர்க்க வேர்க்க, போட்டேன்.

லஞ்ச் நண்பர் சண்டை போடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பதில் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனார், அவ்வளவுதான். எலுமிச்சை சாதத்தில் பாதி மிஞ்சி வீட்டுக்குத் திரும்பியது. "என்னாச்சு, உப்பு கம்மியா?" என்று கணவர் கேட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் அமெரிக்கக் குடிமகனாகிப் பத்து வருடமாகிறது. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வேலையை விட்டெறிந்துவிட்டு வேறு வேலை தேடலாம். ரோஷப்படுவதற்கும் ஒரு பாஸ்போர்ட் வேண்டும் ஐயா என்று அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதில், ஒரு மணிக்கு அவர் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது கணினியை முறைத்துக்கொண்டிருப்பேன்.

டிசம்பர் பிறந்தது. வக்கீல் அலுவலகத்திலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வந்தது. முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோட்டின் எல்லாப் பித்தான்களையும் போட்டுக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அந்தப் பித்தான்களை நான் யோசித்துத்தான் போட்டேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கடிதம் என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். உடனே மின்னஞ்சலைத் தேடி எடுத்தார், படித்தார், வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் கண்கலங்கி நன்றி சொன்னேன். "இதற்கெல்லாம் நன்றியா? எங்கள் குடும்பத்தில் எங்கள் ஆட்களை நாங்கள் ஒருபோதும் கைவிட்டதில்லை" என்றார்.

எங்கள் ஆட்கள். அந்த இரண்டு சொற்களையும் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவர் மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு பையை எடுத்தார். அதே பச்சையில் சின்னதாக ஒரு கோட்டு. தங்கை மகளுடையது, இரண்டே முறை போட்டது, உன் மகளுக்குச் சரியாக இருக்கும். "போட்டுப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்க்க வேண்டும்."

வீட்டுக்கு வந்து பையை அலமாரியில் ஒளித்து வைக்கலாம் என்றுதான் இருந்தேன். மகள் கதவைத் திறக்கும்போதே அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஓ மை காட், அம்மா, திஸ் இஸ் ஸோ க்யூட்!"

"வேணாம்டி. அது உனக்கு வேணாம்."

"ஒய்? இட் ஃபிட்ஸ் மீ!"

என்ன காரணம் சொல்வது? கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "படம் கேட்டாங்கன்னா எடுத்து அனுப்பிடேன். நாளன்னிக்கு சைன் பண்ணப் போறாங்க. இப்பப் போய் வீம்பு பண்ணாதே" என்றார். அவர் சொன்னது நியாயம். நான்கு வருடமாக வேலையில்லாமல் அந்தச் சமையலறையில் நிற்கிற மனிதர் சொன்ன நியாயம்.

மகள் ஹாலில் வெளிச்சம் பார்த்து நின்றுகொண்டாள். முன்பக்கம் ஒரு படம் எடுத்தேன். "திரும்பு, பின்னாடியும் தெரியட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. இதே வாக்கியத்தை இதே தொனியில் நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் அப்பாவுக்கு அரிசி மில் இருந்தது. மூட்டை தூக்கும் ஒருவருக்குத் தீபாவளிக்கு அப்பாவின் பழைய சட்டையை அம்மா கொடுப்பார். அன்று காலையில் அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து காட்ட வேண்டும். ஒரு வருடம் போடாமல் வந்தபோது, "ஏன், பிடிக்கலியா?" என்று அம்மா வாடிய முகத்தோடு கேட்டது நினைவிருக்கிறது. அடுத்த வருடம் போட்டுக்கொண்டு வந்தார். தோளில் இருக்க வேண்டிய துண்டு இடுப்பில் இருந்தது. எங்கள் வாசலுக்கு வரும்போது அது எப்போதும் இடுப்பில்தான் இருக்கும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. நான் மோடாவில் உட்கார்ந்துகொண்டு, என் அப்பா வயதுள்ள அந்த மனிதரிடம், "திரும்பு, பின்னாடியும் பாக்கணும்" என்றேன். அவர் திரும்பினார். சட்டை முதுகில் கூடாரம் போலத் தொங்கியதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

இரண்டாவது படம் கலங்கிவிட்டது.

"அம்மா, டேக் இட் அகெய்ன். ஐ வாஸ் ஸ்மைலிங்."

திரும்ப எடுத்தேன். முதுகைக் காட்டி, தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, பல் தெரியச் சிரிக்கிறாள். அதைத்தான் அனுப்பினேன். வியாழக்கிழமை கையெழுத்தாகிவிட்டது.