இரண்டு திமில் வந்த கதை

ஒரு ஜோடி செருப்பு விற்றதும், கடையில் விற்பனைக்கு நிற்கும் அக்கா அந்தப் பெட்டியின் மூடியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார். புறங்கையால் தூசி தட்டி, ஓரத்து நம்பரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, சுவரோரம் அதே நம்பர் மூடிகளின் மேல் அடுக்குவார். ஆறாம் நம்பரில் தொடங்கிப் பதினொன்று வரை வரிசை. பள்ளிக்கூடத்தில் நிகழ்வெண் பரவல் என்று மிரட்டிய படத்தை, இந்தச் செருப்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் நான் தரையில் பார்த்தேன். ஓரங்களில் குள்ளம், நடுவில் மேடு. படுத்திருக்கும் ஒட்டகம். அதனால் கடையில் அவர் பெயர் ஒட்டக அக்கா.

இந்த முறை ஒட்டகத்துக்கு இரண்டு திமில். எட்டு உயரம், பத்து உயரம், நடுவே ஒன்பது பள்ளம்.

முதலாளிக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா? ஒம்பது போறதே இல்ல. அடுத்த லாட்ல அது வேணாம்."

"அதெப்படி சார்? எட்டுக்கும் பத்துக்கும் ஆள் இருக்கு, நடுவுல இருக்கிறவங்க ஆவியாவா போயிட்டாங்க?" என்றார் அக்கா.

"அதை உங்க ஒட்டகத்துக்கிட்ட கேளுங்க."

அன்று மாலை பத்து வாங்கிய ஒருவர் படியிறங்கும்போது ஷூ தொளதொளத்துக் குதிகாலை விட்டுக் கழன்றது. அக்கா விடுவாரா? திரும்பக் கூப்பிட்டு அளவுப் பலகையில் காலை வைக்கச் சொன்னார். ஒன்பது.

"அப்புறம் ஏங்க பத்து வாங்குனீங்க?"

"நல்லா கேட்டீங்க! ஒம்பது தீந்துபோச்சுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவமே! போனதத்தான் அடுக்கினேன், கேட்டத அடுக்கலையே!"

ஒன்பது குறைவாக வந்ததால் குறைவாக விற்றது. குறைவாக விற்றதால் முதலாளி இன்னும் குறைவாக வாங்கினார். மறுநாளிலிருந்து விற்றாலும் விற்காவிட்டாலும், வந்த காலை அளந்து அந்த நம்பருக்கு ஒரு பழைய மூடியை அக்கா அடுக்கினார். பள்ளம் தூர்ந்து, ஒன்பதே உச்சியானது.

"விக்காததுக்கெல்லாம் மூடியா? நல்ல கூத்து!" என்றார் முதலாளி. "சரி, உங்க இஷ்டப்படியே ஒம்பது போடறேன். சரக்கு தங்கிச்சுன்னா நீங்க கிடங்குலதான் உக்காரணும்."

கிடங்கில் பேச்சுக்கு ஒரு முகம் கிடையாது. வாயாடாமல் அரைமணி இருக்கமுடியாத அக்கா, "சரி சார்" என்றார்.

சரக்கு தங்கவில்லை. ஒன்பது அலமாரிதான் முதலில் காலியானது. அக்கா வாசலிலேயே நின்று வாயாடினார்.

பல மாதம் கழித்து முதலாளியின் மனைவி கடைக்கு வந்தபோது அக்காவிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: "அந்த ஒம்பது வந்த நாள்லேர்ந்துதாம்மா எங்க வீட்டுக்காரர் பத்தாம் நம்பர் ஷூவுக்குள்ள பேப்பர் திணிக்கிறத விட்டார்."