வானத்திலிருந்து எடுத்த படத்தில் என் கோசுப் பாத்தி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல இல்லை.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். தோட்டத்தை அளக்க விமானத்திலிருந்து படம் எடுக்கப்போவதாகக் கணக்கு எழுதும் கிராணி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் சொன்னார். ரொம்ப முந்தி வெள்ளைக்காரர்கள் பலூனில் ஏறி எடுத்தார்களாம், புறாவின் நெஞ்சில் கேமரா கட்டியும் விட்டார்களாம்.

“அந்தப் புறாவுக்கும் பேர் போட்டீங்களா கிராணியாரே, இல்ல அரை நாள் கூலிதானா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் இறந்தபின் எங்கள் எட்டு வீட்டு லயத்துக்குப் பின்னால், மேட்டில், யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக் காட்டை வெட்டிக் கோசு போட்டிருந்தேன். தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும். பிள்ளைகளோடு எங்கே போவேன்? அன்று சாயந்தரமே பெரணிச் செடியை வெட்டிப் பாத்தி முழுக்க மூடினேன்.

விமானம் வரவில்லை. தினமும் பனி மூட்டம். கொழுந்து எடுக்கும்போதும் காது மேலேயே இருக்கும். தானா ராத்தா டவுன் ரோட்டில் லோரி இரைந்தால்கூடக் கை நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை வானம் வெளுத்தது. நாங்கள் செடி வரிசையில் நிரை பிடித்துப் போவதுபோல விமானம் மேலே போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி வந்தது. கூடையோடு அப்படியே நின்றேன்.

சில மாதம் கழித்துக் கங்காணி நாங்கள் கொழுந்து எடுக்கும் மலைக்கு வந்தார். “படத்துல ஒங்க லயத்துக்குப் பின்னால வெள்ளையா விழுந்திருக்கு. மண்ணு சரிஞ்சிருக்குன்னு தொரை சொல்றாரு. எட்டு வீட்டையும் காலி பண்ணணுமாம்லா.”

நான் போட்ட பெரணி காய்ந்து வெளுத்துப்போனதுதான் அது. மூடாமல் கோசைப் பச்சையாக விட்டிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காதோ என்னவோ. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

ஆபீசுக்குள் அதுவரை நான் போனதில்லை. வாசலில் நின்றபடியே, “மண்ணு சரியல தொரை. நான்தான் கோசு போட்டேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கிராணி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

துரை மேசையைக் காட்டினார். ஒரே மாதிரி இரண்டு படம், அதுக்கு மேலே சின்னக் கால்களில் நிற்கும் ஜோடிக் கண்ணாடி. குனிந்து பார்த்தேன். இரண்டு படமும் ஒன்றாகி, மலை எழும்பி முகத்துக்கே வந்தது. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது என் பாத்தி தெரிந்தது. சரியவில்லை, தட்டையாக, வெள்ளையாக இருந்தது.

லயத்தை யாரும் காலி பண்ணவில்லை. என் வேலையும் போகவில்லை. ஆனால் துரை அந்தப் பாத்தியில் தேயிலைக் கன்று வைக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கங்காணி அந்த வேலைக்கு என் பேரையே போட்டார். மூடியிருந்ததில் மஞ்சளாய்ப் பழுத்துக் கிடந்த கோசைப் பிடுங்கிவிட்டு, நானே குழி வெட்டிக் கன்று வைத்தேன்.

விமானம் வந்த வருஷமும் அந்தக் கண்ணாடியின் பேரும் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.