தட்டினால்தான் எடுக்கும் வண்டி

போன வாரம் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மனைவிக்கு முட்டிவலி. டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று வெளியே வந்தால், எதிரே ஒரு தண்ணீர் லாரி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். டொக், டொக் என்று இரும்பில் இரும்பு விழும் சத்தம். கையிலிருந்த டீ அப்படியே என் சட்டையில். வெளியே வந்த மனைவி, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள். போட்டிருந்தேன். அவளிடம் வேறெதுவும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் லாரி வைத்திருந்தவர் இல்லையென்றால், செல்ப் மோட்டாரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடுவது அதுதான். பழைய வண்டியில் அது சிக்கிக்கொள்ளும். அப்போது ஒருவன் அடியில் படுத்து அதைத் தட்ட வேண்டும், இன்னொருவன் மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். எங்கள் வண்டிக்கு நான்கு வருஷம் அடியில் படுத்தவன் காதர். மேலே உட்கார்ந்தவன் நான்.

காதர் பாலக்கரைக்காரன், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்ச். துபாயில் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பியிருந்தான். நான் அப்போது அப்பாவின் வாழைமண்டியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட்டாக ஒரு லாரி வாங்கி வாழைத்தார் லோடு அடிப்போம் என்று பேச்சு. அரியமங்கலத்தில் ஒரு ஷெட்டில் பதினாறு வருஷம் ஓடிய ஆறு சக்கர வண்டி நின்றது. அவன் ஆயில் மூடியைத் திறந்து கசடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தான். சேஸிஸைச் சுத்தியலால் தட்டி, எங்காவது வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். நான் பெரிய ஆள் மாதிரி டயரை ஒரு உதை விட்டேன். கால் நகம் பெயர்ந்தது. முகப்பில் யாரோ அழகாகத் திருமண் எழுதியிருந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு அது போதாதா, அங்கேயே விழுந்துவிட்டேன். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை.

"நெத்தியில நாமம் இருக்கு, சரி. நமக்கும் சேத்துப் போட்டுட்டான் பாரு மாப்ள" என்றான் காதர்.

ஆனாலும் வாங்கினோம். செல்ப்பை மாற்றிவிடலாம் என்று அவன் நூறு தடவை சொன்னான். தட்டினால் எடுக்கிறதே, அப்புறமென்ன என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டது நான்தான்.

அந்த வண்டிக்கு நல்ல வார்த்தை புரியாது. கதவைத் தோளால் மோதினால்தான் திறக்கும். வீல் நட்டைக் கழற்ற, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறிக் குதிப்போம். ஒருமுறை குழாய் எகிறி என் தாடையில் விழுந்தது, ஒரு வாரம் கஞ்சிதான். முன்சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் கிங் பின்னைச் சம்மட்டியால் அடித்து வெளியே எடுத்த அன்று, என் அடி ஒன்று தவறி காதரின் கட்டைவிரல் நசுங்கியது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மார்பெல்லாம் வெந்துகொண்டவனும் அவன்தான். இரும்பை அடித்து அடித்துக் கை பழகிவிட்டதோ என்னவோ, ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தோம். கிரீஸ் அடிக்க மறந்தது யார், பிரேக் லைனிங் தேய்ந்ததைப் பார்க்காமல் விட்டது யார், எதுவானாலும் போதும். கொள்ளிடம் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டுக் கட்டிப் புரண்டிருக்கிறோம். பின்னால் வந்த டவுன் பஸ் கண்டக்டர் விசில் ஊதியே ஓய்ந்துபோனார். பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் பரோட்டா தின்போம். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்று அந்த நாளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இத்தனை சண்டையிலும் ஒன்று மட்டும் தவறியதில்லை. அடியில் படுத்ததும் காதர், "நியூட்ரலா?" என்று குரல் கொடுப்பான். நான் கியர் கம்பியை ஆட்டிப் பார்த்து, "நியூட்ரல்" என்பேன். அதற்கப்புறம்தான் தட்டுவான், நான் சாவியைத் திருப்புவேன். கியரில் இருக்கும்போது செல்ப் எடுத்தால் வண்டி அப்படியே பாயும்.

வாழைக்கறையும் கிரீஸும் கலந்து ஒரு வாசனை வரும், எந்த சோப்புக்கும் போகாது. பெண் பார்க்கப் போனபோதுகூட என்மேல் அது இருந்ததாக மனைவி இன்றும் கேலி செய்வாள். எனக்கு அந்த வாசனை ஒரே ஒரு நாளைத்தான் கொண்டுவருகிறது. முக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் தார் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால் கரைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க, ரிவர்ஸ் கியரில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்திருந்தோம்.

"மாப்ள, விசா வந்துருச்சு. அடுத்த மாசம் கிளம்புறேன்" என்றான் காதர்.

"அப்ப வண்டி?"

"வித்துடுவோம். இல்லன்னா நீயே ஓட்டு."

எனக்கு லாரி லைசென்ஸே கிடையாது. அவன் போனால் நான் மறுபடியும் மண்டியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதைவிட, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விசாவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறானே என்பதுதான் தாங்கவில்லை. அவன் வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்தது. அவன் தலையால் என் மூக்கில் முட்டினான். என் ரத்தமும் அவன் ரத்தமும் வாழைச்சருகில் சொட்டின. லோடுமேன்கள்தான் பிரித்துவிட்டார்கள். "தார் வதங்குதுங்க. முதல்ல வண்டிய எடுங்க" என்றார் ஒருவர்.

காதர் ஸ்பேனரோடு முன்சக்கரத்துக்குப் பின்னால் நுழைந்தான், கால்கள் மட்டும் வெளியே. நான் மேலே ஏறினேன். "நியூட்ரலா?" என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செல்ப்பில் இரண்டு அடி விழுந்தது. கியர் கம்பி என் இடது கைக்குப் பக்கத்தில் ரிவர்ஸில் சாய்ந்திருந்தது. பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிவிட ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடி அவனுக்காக எதையும் செய்ய எனக்கு மனசில்லை. சாவியைத் திருப்பினேன்.

வண்டி பின்னால் எகிறியது. முன்சக்கரம் அவன் வலது காலின்மேல் ஏறியது, இன்ஜின் நின்றது, அத்தனை லோடோடு வண்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கும்வரை கத்தினான். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான்.

முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசா போயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் காதர் சுவரைப் பார்த்தபடி, "வண்டி தானா உருண்டுருச்சு சார்" என்றான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அவன் வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி சாய்ந்திருந்தது தெரியும், தெரிந்தேதான் திருப்பினேன் என்றேன். அவனுடைய ஊன்றுகோலை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். "அடிடா. மண்டைய ஒடை" என்றேன். அடி வாங்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

காதர் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தான். "ஒன்ன அடிக்கிறதுக்கு நீ எனக்கு யாரு?" என்றான்.

வண்டியை உடைப்புக்குப் போட்டேன். கேஸ் கட்டரால் துண்டுதுண்டாக அறுத்ததை நின்று பார்த்தேன். முக்கொம்புப் பக்கத்துத் தோப்பு இப்போது பிளாட். மண்டியை நான்தான் நடத்துகிறேன், இரைந்து பேசுவதுகூட இல்லை. காதர் பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாதம் ஒருமுறை, நன்றாக வேலை செய்கிற போனை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்பான். போனைத் துடைத்துத் திருப்பித் தருவான். வாங்கிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டியபடி, கை எட்டுகிற தூரத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். இதுவரை ஒரு அடியும் விழுந்ததில்லை.