மூன்றாவது குழி

ஜெயகுமார் மண்ணைக் குத்தி எண்ணுகிறவர். பதுளையில் எங்கே மாடிக் கட்டிடம் எழும்புவதென்றாலும் முதலில் போய் நிற்பது அவருடைய இரும்பு முக்காலிதான். கம்பியின் தலையில் அறுபது கிலோவுக்கு மேல் கனமான சம்மட்டியை விழவிட்டு, அது ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை குத்து என்று எண்ணிக் கொடுக்க வேண்டும்; குத்துக் கூடினால் கெட்டி மண். இருபத்தாறு வருடமாக இதே எண்ணிக்கை. முழங்கால் தேய்ந்துவிட்டது, காதும் பாதி போய்விட்டது. எதையும் எண்ணாமல் ஒரு நாள் உட்கார்ந்திருக்க மாட்டோமா என்றிருக்கும் அவருக்கு.

ஹாலிஎலவுக்கு மேலே, தங்கை விஜயலெட்சுமி கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் மூன்று மாடிப் பள்ளிக்கூடம் வரவிருந்தது. தகரக் கொட்டகையில் நனைந்து படிக்கும் தன் மகள் நிஷாந்தினி கடைசி வருடத்தையாவது மாடியில் படிப்பாள் என்று தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. மண் பார்க்க மூன்று குழி போடச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது விழவேண்டிய மூலையில் நாலு தேயிலைச் செடி நின்றது. செடியில் கை வைக்கத் தோட்டத்தை நடத்தும் துரையைக் கேட்க வேண்டும். தோட்டத்தை விட்டு முப்பது வருடமாகியும், லயத்து வரிசை வீட்டில் பிறந்த மனிதருக்குத் துரை பங்களாப் படி ஏறக் கால் வராது. பதினைந்து அடி தள்ளிக் குழியைப் போட்டார். கெட்டி மண். தள்ளிப் போட்டதை எழுதாமலே அறிக்கையும் போய்விட்டது. சோம்பலென்றால்கூட மன்னிக்கலாம், இது பழைய பயம்.

அத்திவாரம் வெட்டப்போகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுத் தங்கை சொன்னாள்:

“அந்த மூலையிலதாண்ணே மண்சரிவுல போன பழைய லயத்த அள்ளிக் கொட்டுனாங்க.”

அவர் குத்திப் பார்க்காமல் விட்ட மூலை அது.

மறுநாள் பொறியியலாளர் பிரசாந்தினியிடம் போய் உள்ளதைச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெண், கத்தவில்லை. வரைபடத்தை விரித்து அந்த மூலையில் விரலை வைத்தார்.

“ஐயா, கட்டிடம் தனிய ஆடாது. கீழ இருக்கிற மண்ணும் சேர்ந்துதான் ஆடும். எல்லாத் தூணும் கெட்டி நிலத்தில நிக்குது எண்டுதான் நான் கணக்குப் போட்டனான். ஒரு பக்கம் கெட்டி, மற்றப் பக்கம் கொட்டின மண் எண்டால், நிலம் அதிரேக்க ரெண்டும் ரெண்டு விதமா இழுக்கும். தூணுக்கு இப்ப போட்டிருக்கிற கம்பி அதைத் தாங்காது.”

“இங்க அவ்வளவு பெருசா அதிருமாங்க மிஸ்?”

“போன மாசம் மொனராகலைப் பக்கம் சின்னதா அதிர்ந்ததுதானே. பெரிசா வராது எண்டு பிள்ளைகளை வச்சுப் பாக்கேலாது.”

துரையிடம் ஜெயகுமாரே போய்க் கேட்டார். துரை போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். இவ்வளவுதானா என்று ஜெயகுமாருக்கு அழுகை வந்தது.

செடிகளைப் பிடுங்கி முக்காலியை நிறுத்தினார்கள். சம்மட்டியைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. அதன் பாரத்திலேயே கம்பி இரண்டடி இறங்கிப் போனது.

அத்திவாரம் மாறவேண்டும், தூணும் மாறவேண்டும். வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. செய்தி கேட்ட விஜயலெட்சுமி அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்துக் கூடையைத் தட்டினாள்.

“ஒம்மக ஒக்காரப்போற எடம்னுதான் தங்கச்சி சொன்னேன்” என்றார்.

“அவ எங்கண்ணே ஒக்காரப்போறா? அது கட்டி முடியுறதுக்குள்ள அவ பள்ளிக்கூடத்தையே முடிச்சிருப்பா.”

முதல் நாளே ஜெயகுமார் துரையிடம் போய்க் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பாள்.