கரடியின் உயரம்

இலாரியே மறுபடியும் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். கையை உயர்த்தினால் மதுக்கடையின் தாழ்ந்த கூரை தட்டுகிறது. "இதுக்கும் மேல இருந்துச்சு. கூரை மறைக்குது, இல்லேன்னா காட்டிடுவேன்!" சுற்றி இருப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பிளம்ஸ் சாராயத்தை ஊற்றிக்கொள்கிறார்கள். பால் பாத்திரத்தோடு வாசலில் நிற்கும் மனைவி சவேத்தாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் இதே கரடி கதவு உயரம்தான் இருந்தது.

சென்ற இலையுதிர் காலத்தில் தோப்பில் பிளம்ஸ் பறிக்கும்போது கரடி ஒன்று அவர் தோளைக் கிழித்துவிட்டுப் போனது. தடத்தைப் பார்த்த வனக்காவலர், "இளங்கரடிதான். எழுந்து நின்னாலும் உங்க நெஞ்சு உசரம் இருக்கும்" என்றார். தோள் ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. இரவெல்லாம் கரடிக் கனவு; காலையில் அவர் சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். தோப்புப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. பறிக்கிற வேலை சவேத்தாவின் தலையில். ஊர்ப் புத்தாண்டு ஆட்டத்தில் வருஷா வருஷம் கரடித்தோல் போர்த்தி ஆடுகிறவரே அவர்தான்; இப்போது வாடை தாங்காமல் அந்தத் தோலைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

நல்ல நோயாளியும் அல்ல. மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுக்க வேண்டும். தோள் ஆறும்வரை, கட்டுப் பிரிக்கும்போது வலி என்று சொல்லமாட்டார். பிரிக்கிறவளின் கையைக் குறை சொல்வார்.

சவேத்தா அவரை நகரத்து மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நினைச்சுப் பேசறப்போ அந்த நினைவு இளகும். அப்பவே அதை மாத்தி உக்கார வைக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "கண்ணை மூடிச் சொல்லுங்க. பயம் ஏறுற இடத்துல நிறுத்தி, என்ன நடந்திருந்தா நல்லா இருக்கும்னு தோணுதோ அதை மனசுக்குள்ள நடத்துங்க."

"நடக்காததை எப்படிங்க சொல்றது? நான் பொய் பேசறவன் இல்ல."

"ஏ மனுஷா! கடையில தினம் அதைத்தானே பண்றே?" என்று வெடித்தாள் சவேத்தா. "வாரத்துக்கு ஒரு சாண் வளக்கறே. வளக்கத் தெரிஞ்சவனுக்குக் குறைக்கத் தெரியாதா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதேதான். அங்க வளத்தது தூக்கத்துல வந்து நிக்குது."

அடுத்த முறையும் தகராறுதான். காற்று எந்தப் பக்கம் அடித்தது, பழ வாளி தகரமா பிளாஸ்டிக்கா என்று கரடியைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். அதற்கடுத்த முறை, கரடி எழுந்து நின்ற இடத்தில் பேச்சு நின்றது.

"உள்ள புழுங்கும்," என்றார்.

"யாருக்கு?"

"கரடிக்கு. தோலுக்குள்ள நான் இருந்திருக்கேன்ல? வேர்வை, பசி, கண்ணும் சரியாத் தெரியாது." மூடிய கண்ணோடு காலால் எதையோ தள்ளினார். "இந்தா வாளி. தின்னுட்டுப் போய்த் தொலை, சனியனே."

மூடிய கண்ணுக்குள் கரடி தின்றது, போனது. இலாரியே கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கரடிக்கு வாளி கிடைத்தது. காலையில் சட்டை காய்ந்திருந்தது. தோப்பின் வேலிவரை நடந்துவிட்டுத் திரும்பினார். "கடையில பழையபடி வளத்தீங்கன்னா அந்தப் பெரிய கரடியே மறுபடியும் மனசுல போய் உக்காந்துக்கும்," என்று டாக்டரம்மா எச்சரித்து அனுப்பினார்.

அதைக் கேட்கிற ஆளா! சனிக்கிழமை கடையில்தான் இருந்தார். தேடிக்கொண்டு வந்த சவேத்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கதை கேட்க ஆசை.

"ஏறு மாமா!" என்றான் கோஸ்தாகே என்கிற குடிகாரன். "எம்மாம் உசரம்னு காட்டு!"

சவேத்தா பல்லைக் கடித்தாள். இத்தனை நாள் பாடும் பாழ்.

இலாரியே பெஞ்சில் ஒரு காலை வைத்தார். கை கூரையை நோக்கிப் போனது. பிறகு காலை எடுத்துத் தரையில் வைத்தார். கை மெல்ல இறங்கி, அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.