கப்பல் தரையிறங்கிய பிறகு

கொடைக்கானலில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்த காலம் அது. டவுனில் ஒரு திரைப்படக் குழு இருந்தது. மாதாமாதம் கூடி, உறுப்பினர் ஒருவர் ஏதாவதொரு படத்தைப் பற்றிக் கட்டுரை வாசிப்பார். பெரும்பாலும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும்தான். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திலிருந்து நான் ஒருத்திதான். ஒரு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இவர்களைவிட நான் நன்றாக எழுதுவேன். வெட்கப்படாமல் வாய்ப்புக் கேட்டேன். செயலாளர் ஒரு பழைய ஜப்பானிய அனிமேயின் மூன்று சிடிகளை எடுத்துக் கொடுத்தார்.

"கார்ட்டூன்தானே மேடம், ஈஸியா இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஏதோ ஒரு கிரகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் தோண்டும் மனிதர்கள். உங்கள் பூர்வீகம் பூமி, கிளம்புங்கள் என்று அவர்களை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பூமியை அவர்களில் யாருமே பார்த்ததில்லை. முதல் சிடி முடிவதற்குள் நான் கதைக்குள் விழுந்துவிட்டேன். கப்பலில் தண்ணீருக்கு நிற்கும் வரிசையில் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள். இயந்திரம் பழுதாகி நிற்கும் இடத்தில் இசையும் நின்றுவிடும். பயம் நம் வயிற்றுக்குள் வந்துவிடும். குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரே வெடிப்புக் காட்சியை மூன்று இடத்தில் ஒட்டியிருந்தார்கள். கதாநாயகிக்கு அழுவதைத் தவிர வேறு வேலையில்லை. குட்டி ரோபோ ஒன்று அடிக்கும் கூத்து சகிக்கவில்லை.

அம்மா அப்போது பள்ளங்கியில் பூண்டுத் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மழையால் வேலை நின்ற ஒரு நாள் சென்டருக்கு எனக்குச் சோறு கொண்டுவந்தவள், மூன்றாவது சிடியை என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். ஆங்கில சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் கப்பல் பூமியில் இறங்குகிறது. கதவு திறக்கிறது. எல்லோரும் புல்வெளியில் நின்று சிரிக்கிறார்கள். படம் முடிகிறது.

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சிருச்சும்மா."

"ஏன் புள்ள, எறங்குனதுக்கப்புறந்தானே சோலியே இருக்கு. எங்க தங்குனாங்க? ஒருத்தர் கையிலயும் கம்பளி இல்லையே, குளுராதா?"

அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து, பூர்வீகம் இந்தியா என்று திருப்பி அனுப்பப்பட்டு, கப்பலேறி வந்தவள். அங்கே மழைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறிப்பார்களாம். இந்தியா வெயில் நாடு, அங்கே இது எதற்கு என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்ல, கிளம்பியவர்கள் அத்தனை பேரும் கம்பளிகளை அங்கேயே இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இங்கே வந்தபின் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் இந்த மலை. குளிருக்கு, அப்போது குழந்தையாக இருந்த என் அக்காவைச் சணல் சாக்குக்குள் இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாளாம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வந்தது. வரிசையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, இறங்கியவர்களை ஒரு நாள்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. வெடிப்பு, ரோபோ எல்லாம் சின்னக் குறைகள். இதுதான் பெரிய குறை. கம்பளிக் கதையோடு சேர்த்து அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"லாஸ்ட் பாரா ரொம்ப பெர்சனல். இது ரிவ்யூ இல்ல. அத எடுத்துட்டா இந்த மாசமே வாசிக்கலாம்" என்றார் செயலாளர்.

"எடுக்க மாட்டேங்க சார்."

"அப்ப ஸ்லாட் இல்லையே மேடம்."

மூன்று மாதம் அதே தாளோடு போனேன். மூன்று மாதமும் அதே பதில். நான்காவது மாதம் வாசிக்க வேண்டியவர் தாண்டிக்குடியிலிருந்து வரவில்லை, பாதையில் மண் சரிந்துவிட்டது. யார் வாசிக்கிறீர்கள் என்று செயலாளர் கேட்டு முடிப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றுவிட்டேன். ஒரு வரிகூட விடாமல் வாசித்தேன். கடைசிப் பத்தி வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வேகத்தைக் கூட்டவில்லை.

முடித்ததும் அவர் எழுந்தார். "எதுக்கு மேடம் இவ்ளோ கோபம்? படம் பிடிக்கலன்னு ஒரே லைன்ல சொல்லியிருக்கலாமே."

"இதுவரைக்கும் ஒம்பது தடவ பாத்துட்டேங்க சார்" என்றேன். "பிடிக்காத படத்துக்கிட்ட எனக்கு என்ன கேள்வி இருக்கப்போகுது?"